அளவு நோட்டில் எழுதிய செய்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மாமா சொன்ன ஒரு பொய்யிலிருந்து. "உன் அத்தைக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சிடுவா, யார்கிட்டயும் சொல்லாதே" என்று கெஞ்சிவிட்டுத்தான் ஆரம்பித்தார். கதை எழுதுகிறவனிடம் போய் ரகசியம் சொன்னது அவர் தப்பு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: வெள்ளம் வந்த அந்த வருடம் வானம் கிழிந்து

(வேண்டாம். எல்லா வெள்ளக் கதையிலும் வானம் கிழிகிறது.)

2

அத்தையிலிருந்து தொடங்குவதுதான் சரி. விஷக்காய்ச்சல் பரவிய வருடம், ஆஸ்பத்திரி மருந்து ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதை நம்பி, மகளுக்கு மருந்தே கொடுக்காமல் இருந்துவிட்டாள். குழந்தை மயிரிழையில் பிழைத்தது. அன்றோடு ஊர்ப்பேச்சுக்கு ஒரு பெரிய கும்பிடு. மாலை ஏழு மணி ரேடியோச் செய்திதான் வேதவாக்கு.

[அந்த ஏழு மணி! செய்திக்கு முன் வரும் இரைச்சல், ஈரத்தலையில் துண்டு சுற்றிய அத்தை, வாயில் விரல் வைத்து எங்களை அடக்குவது... அந்த வீட்டில் இன்னொரு சாயங்காலம் உட்கார என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். கதைக்குத் தேவையில்லை. இருக்கட்டும்.]

3

வெள்ளத்தில் வீட்டு ரேடியோ நனைந்து ஊமையாகிவிட்டது. மாமா தையல்காரர்; தெருமுனையில் இருந்த அவர் கடையில் இன்னொரு ரேடியோ உண்டு. அதில் கேட்டதை, சட்டை அளவு குறிக்கும் நோட்டில் எழுதிவந்து அவர் வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை குறையக் கூடாது, அத்தை உத்தரவு.

நான்காம் நாள் ரேடியோ சொன்னது: ஆற்றங்கரை பலமாக இருக்கிறது, யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. மாமா அதை எழுதுவதற்குள் ஒரு லாரி டிரைவர் கடைக்குள் ஓடிவந்தார்.

"கரை கசியுதுண்ணே. என் கண்ணால பாத்தேன்."

டிரைவர் சொன்னார் என்றால் அத்தை இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள். மாமா பென்சிலை எடுத்து, கழுத்து பதினைந்து, கை இருபத்துநான்கு என்றிருந்த பக்கத்தின் அடியில், "கரையோர மக்கள் உடனே வெளியேறவும்" என்று எழுதினார்.

வாசித்ததும் அத்தை மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "அந்தம்மாவே கிளம்பிட்டாங்கன்னா விஷயம் இருக்கு" என்று தெருவே பின்னால் கிளம்பியது. விடியற்காலையில் கரை உடைந்தது.

(மாமா கோழையாக... மாமா துணிச்சலாக... இரண்டையும் அடித்துவிட்டேன். எழுதினேன், வாசித்தேன் என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.)

4

அதற்குப் பிறகு அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ரேடியோவுல அப்படிச் சொல்லவே இல்லையே அக்கா" என்று வெளியூர்த் தங்கை சொன்னால், "நீ எந்த ஸ்டேஷனைக் கேட்டியோ!" என்று ஒரே வெட்டு. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அத்தைக்கு இன்றும் ஏழு மணி ரேடியோதான். பக்கத்தில் மாமா, என்றைக்கு மாட்டிக்கொள்வோமோ என்று முழித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

5

போன வாரம் இதுவரை எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், பொய்யை மட்டும் விட்டுவிட்டு.

"முக்கியமானதை முழுங்கிட்டியேடா" என்றாள்.

தாள்களைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"தினமும் வாசிக்கும்போது உன் மாமா நடுநடுவுல என்னைப் பாப்பாரு. அன்னைக்குத் தலையே நிமிரலை. என்கிட்ட பொய்யே சொல்லாத மனுஷன் பொய் சொல்றாருன்னா, நிலைமை எவ்வளவு மோசமா இருக்கணும்? அதான் பிள்ளையைத் தூக்கினேன்."

"மாமாகிட்ட ஏன் சொல்லலை?"

"எனக்குத் தெரியாம ஒண்ணு வச்சிருக்கோம்னு அவருக்கு ஒரு பெருமை. அதைப் போய்க் கெடுப்பாங்களா? நீயும் வாயை மூடிக்கிட்டு இரு."

அன்றைக்கே அவளுக்குத் தெரியுமா, இல்லை புருஷனை விட்டுக்கொடுக்காமல் என்னிடம் ஒன்று அளந்தாளா, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அவள் மேல் எனக்குப் பிரியம் கூடித்தான் போயிற்று.

மாமா என் கதை ஒன்றைக்கூட விடமாட்டார். இதையும் கேட்பார். ஐந்தாம் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? என்னால் முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கையை நீட்டிவிட்டார்.