கேன் மூடியில் கட்டின கவர்

ஜெபதாசுக்கு நான் கொடுக்க வேண்டியது நாலாயிரத்து முந்நூறு ரூபாய். என் வள்ளத்தின் பழைய எஞ்சினைப் பழுது பார்த்த கூலியும் சாமான் விலையும். அதைக் கொடுக்க மாட்டேன் என்று முட்டம் கடற்கரையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில் நின்று கத்தினேன்.

"கரையில கெடந்து உறுமுது. கடலுக்குள்ள கொஞ்சம் போனா இழுக்க மாட்டேங்குது. பழைய சாமானப் போட்டு ஏமாத்திட்டான்."

ஜெபதாஸ் சண்டைக்கு வரவில்லை. "நாளைக்கு நானும் வாறேன்" என்றான்.

ஏலக்காரன் சிலுவை சிரித்தான். "மலையடிவாரத்து அருமனைக்காரன் கடலுக்குப் போறானாம்! வாந்தி எடுக்காம வந்து சேரு, மக்கா."

மறுநாள் வள்ளம் இறக்கினோம். கரையலை எங்கள் மேலேயே விழுந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிய எஞ்சின் சத்தம் தளர்ந்து நின்றுவிட்டது.

"பாத்தியா?" என்றேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நெருப்புப் பொறி வந்தது. எண்ணெய்தான் சொட்டுச் சொட்டாக வந்தது. குழாயைத் தடவிக்கொண்டே மண்ணெண்ணெய் கேன் வரைக்கும் போனான். கேன் வயிறு ஒட்டிக் கிடந்தது. மூடியில் நான் கட்டிய பால் கவர் அப்படியே இருந்தது.

கரையலைத் தண்ணீர் மூடித் துளை வழியாக இறங்காமலிருக்கக் கவர் கட்டுவோம். அலை தாண்டினதும் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று போகாது, எண்ணெய் வராது. அவிழ்ப்பது என் கூட்டாளி லிஜின் வேலை. அவன் கொல்லத்துக்குப் போன பிறகு நான் அதை நினைக்கவே இல்லை.

ஜெபதாஸ் கவரை அவிழ்த்தான். கேன் டொப்பென்று உப்பியது. எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அவன் இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம். அதற்குப் பதில் கவரை மடித்து என் கையில் தந்தான்.

வந்தது வந்தோம் என்று வலை போட்டேன். அவன் சுருண்டு படுத்துக் கிடந்தான். திரும்பும்போது, "கரையில ஒண்ணும் சொல்லாண்டாம், மக்கா. பணத்த மட்டும் தா" என்றான்.

அதைக் கேட்டதும் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மீன் ஏலம் போனது. "யாருக்க தப்புலே?" என்று சிலுவை கேட்டான். ஜெபதாஸ் வேறு பக்கம் பார்த்தான்.

"எனக்க தப்பு. கவர அவுக்காம ஓட்டினேன். மீன் காசுல அவனுக்குள்ளத மொதல்ல குடு."

"கேனுக்க வாயக் கெட்டிப்போட்டு இவன் வாயத் தொறந்துட்டான்!" என்றான் சிலுவை. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெபதாஸ் பணத்தை வாங்கிப் பையில் வைத்தான். "கணக்கு தீந்து போச்சு" என்றான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.