மொட்டைக் கடிதத்தின் ழகரம்

கடைப் பலகையோ மாத்திரை அட்டையோ, எதைக் காட்டினாலும் அது என்ன எழுத்துரு என்று பெயர் சொல்லிவிடுவேன். எங்கள் பதிப்பக அலுவலகத்தில் எனக்கு 'எழுத்து ஜோசியர்' என்று பட்டம். கிண்டல்தான், நான் அதை மரியாதை என்று வைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட தேதியைப் பார்க்கமாட்டேன், ஃபாண்ட்டைப் பார்த்து முகம் சுளிப்பேன். இரண்டு கல்யாணம் அப்படித்தான் தவறிப்போனது.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் மொட்டைக் கடிதம் ஒன்று ஒட்டியிருந்தது. 'மேலாளர் மதியம் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்குகிறார். குறட்டை மாடிப்படி வரை கேட்கிறது.' அவ்வளவுதான். மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஜோசியரே, யாரு வேலைய்யா இது?"

பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது, ஆனாலும் லென்ஸ் இருந்தால் ஒரு கெத்து.

"ழகரத்தோட வாலைப் பாருங்க சார். தூங்குற பூனை மாதிரி சுருண்டிருக்கு. இந்த ஃபாண்ட் நம்ம ஆபீஸ்ல ஒரே கம்ப்யூட்டர்லதான் இருக்கு. மெய்ப்புப் பார்க்குற அக்காவோடது. நானே போட்டுக் கொடுத்தேன்."

"நிச்சயமா?"

"நூத்துக்கு நூறு சார்."

பூனை உவமையை டீ நேரத்தில் ஆபீஸ் முழுக்கப் பரப்பியதும் நான்தான்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் அக்காவிடம் பணிநீக்கக் கடிதத்தை நீட்டினார் மேலாளர். பதினெட்டு வருஷ வேலை. அக்கா அழவில்லை. பழக்கதோஷம், காதிலிருந்த பென்சிலை எடுத்து வரிவரியாகப் படித்தார். 'ஒழுங்கீனம்' என்ற இடத்தில் பென்சில் நின்றது.

"தம்பி, இந்த ழ-வைக் கொஞ்சம் பாருங்க. பூனை தூங்குதா, முழிச்சிருக்கா?"

தூங்கியது. அதே சுருளோடு, நிம்மதியாக.

"சார்... இதை எங்க அடிச்சீங்க?"

"என் கம்ப்யூட்டர்லதான். வராந்தா பிரிண்டர்ல எடுத்தேன். ஏன்?"

வராந்தா பிரிண்டர்! யார் எந்த எழுத்துருவில் அனுப்பினாலும், அது தன்னிடம் இருக்கும் ஒரே தமிழ் எழுத்துருவில்தான் துப்பும் போலிருக்கிறது. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். சுற்றறிக்கை, விடுமுறைப் பட்டியல், எல்லாவற்றிலும் அதே பூனை. மாதக்கணக்காக அங்கே தொங்கியவைதான். சுற்றறிக்கையெல்லாம் படிக்கிற ஆளா நான்!

"ஏன்யா, என்ன?" என்றார் மேலாளர் மறுபடியும்.

'ஒண்ணுமில்ல சார்' என்று நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கும் கூசுவது அதை நினைத்துத்தான்.

"நான் சொன்னது தப்பு சார். அந்தப் பிரிண்டர்ல யாரு எடுத்தாலும் இப்படித்தான் வரும்."

"அப்ப யாரு வேணாலும் எழுதியிருக்கலாமா?"

"ஆமா சார். நீங்ககூட."

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். மேலாளர் கடிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டு அறைக்குள் போனார். கதவை மட்டும் திறந்தே வைத்தார்.

நான் நழுவப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"வாயால சொன்னா பத்தாது தம்பி. மன்னிப்பு எழுதிக் கொடுங்க. பிரிண்டர் வேணாம், கையால."

எத்தனையோ வருஷம் கழித்துப் பேனா பிடித்தேன். இத்தனை கண்கள் பார்க்க நாலு வரி எழுதி நீட்டினேன். அக்கா பொறுமையாகப் படித்தார். மூன்றாவது வரியில் ஓர் எழுத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு என் பக்கம் திருப்பினார்.

"இது என்ன எழுத்து தம்பி?"

குனிந்து பார்த்தேன். லென்ஸை எடுத்தும் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.