பிப்ரவரித் துளிர்

கொட்டகைக் கதவை மறித்திருந்த பனியை வாரித் தள்ளிவிட்டு ஹிசாயோ உள்ளே எட்டிப் பார்த்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. 

வட ஜப்பானில் இருக்கும் அசாஹிகவாவின் பிப்ரவரியில் அந்தக் கொட்டகை வெதுவெதுப்பாக இருக்கவே கூடாது. தொட்டியில் வளரும் குட்டை மரங்களைப் பனிக்காற்றிலிருந்து மறைப்பதற்குத்தான் அது. சூடு காட்டுவதற்கு அல்ல. தூங்குகிற மரம் சூடு பட்டால் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து துளிர்த்துவிடும். பிறகு குளிர் பட்டால் துளிர் கருகும், மரமும் அதோடு போகும். கொட்டகைக்குள் நெருப்புக்குச்சி கிழிக்கக்கூட அப்பா டொகுசோ யாரையும் விட்டதில்லை.

இப்போது பலகைக்கு அடியில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே அப்பாவின் மேப்பிள் மரம், முழங்கை உயரம், கிளையெல்லாம் சிவப்புத் துளிர். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"பாத்துட்டியா?" மண்ணெண்ணெய் டின்னோடு அம்மா உமெனோ பின்னால் நின்றாள். "உங்கப்பா இந்த மாசம் தாண்ட மாட்டார்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே பத்த வச்சேன். ஏப்ரல்ல வசந்தம் வர்ற வரைக்கும் அவர் எங்க இருக்கப் போறார்? ஒரு தடவ துளிரப் பாத்துட்டுப் போகட்டுமே."

"அம்மா, இது..."

"மரத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு எத்தன கிண்டல் பண்ணிருப்பார்! இன்னிக்கு வாயடைச்சுப் போகட்டும்."

அந்த முகத்தின் பெருமையைப் பார்த்தபின் ஹிசாயோ தொட்டியைக் கம்பளியில் சுற்றி அப்பாவின் படுக்கைக்கு எடுத்துப் போனாள்.

டொகுசோ வெகுநேரம் பார்த்தார். விரல் துளிர் வரை போய், தொடாமல் திரும்பியது. இப்போது கத்துவார் என்று ஹிசாயோ காத்திருந்தாள். கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"யார் வேல?"

"நான்தான்," என்றாள் பின்னாலேயே வந்த உமெனோ.

"பரவாயில்லயே! இத்தன வருஷம் பொண்ண வச்சு வேல வாங்கினது தப்பு. உன்னைல்ல பிடிச்சிருக்கணும்."

உமெனோ சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தேநீர் போட அவள் அடுக்களைக்குப் போனதும் அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இனி அதத் தூங்க வைக்க முடியாதும்மா. ஏப்ரல் வரைக்கும் குளிர் காட்டிடாத. உங்கம்மாகிட்ட இதச் சொல்லிடாத."

அன்று சாயங்காலமே அவர் மூச்சு அடங்கியது.

சவச்சடங்குக்காரர் வந்து அந்த ஊர் வழக்கப்படி அவர் தலையை வடக்கே வைத்தார். முகத்தில் வெள்ளைத் துணி போட்டார், உடம்பு கெடாமலிருக்கச் சுற்றிலும் உலர்பனிக்கட்டி வைத்தார். "இந்த ரூம்ல இனி ஹீட்டர் வேண்டாங்க. ஜன்னலும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்."

ஹீட்டரை அணைத்த கையோடு ஹிசாயோ தொட்டியைத் தூக்கினாள். உமெனோ அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி கொண்டு போற? அவர் தலைமாட்டுலயே இருக்கட்டும்."

"குளிரும்மா."

"மரத்துக்கா? குளிர்காலம் பூரா அது குளிர்லதானடி இருக்கும்?"

 ஜன்னல் வழியே பனிக்காற்று வந்தது. ஓரத்துத் துளிர்கள் ஏற்கெனவே துவண்டிருந்தன. ஹிசாயோ உடம்பை வளைத்துக் காற்றை மறைத்து நின்றாள். அம்மா துளிரைப் பார்த்தாள், மகள் நிற்கும் விதத்தைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது."

"அது தெரியும். நான் கேட்டது அது இல்ல."

 உமெனோ தன் தோளில் இருந்த கம்பளியை எடுத்து மரத்தைப் போர்த்தினாள், வேட்டைக்காரனிடமிருந்து மறைப்பதுபோல அவசரமாக. பிறகு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் சலசலத்தது.

அடுப்பை மறுபடி பற்றவைக்க இருவரும் வந்தபோது, கொட்டகை வாசலில் பனி மீண்டும் இடுப்பளவு ஏறியிருந்தது. ஹிசாயோ தொட்டியை மார்போடு அணைத்து நின்றாள். உமெனோ டின்னைக் கீழே வைத்துவிட்டு, மண்வாரியை எடுத்து, இருட்டில் பனியை வாரத் தொடங்கினாள்.