சைக்கிளும் லொறியும் ஒரே திணிவு

நின்றுகொண்டிருக்கும் லொறியில் ஒரு சைக்கிள் வந்து மோதினால், சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். லொறி, சைக்கிள் வந்த வேகத்தில் கிளம்பிப் போய்விடும். இப்படித்தான் என் அக்கா மகள் கௌரி யாழ்ப்பாணத்திலிருந்து விடை அனுப்பியிருந்தாள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மூளையை வைத்துக்கொண்டா திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சைக்குப் போகப்போகிறாள்? அதுவும் மூன்றாம் தடவை. இதற்கு மேல் ஒரு தடவை கிடையாது.

நான் வெள்ளவத்தையில் இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிய பிறகு அவளை இங்கே கூப்பிடவும் வழியில்லை, நான் அங்கே போகவும் வழியில்லை. அதனால்தான் மாதிரி வினாத்தாள்களை இன்டர்நெட்டில் போடத் தொடங்கினேன். அவள் அங்கே ஒரு நெட் கடையில் இருந்து பார்த்துவிட்டு, ஊரடங்குக்கு முன் ஆமி லொறிகளுக்கு நடுவே சைக்கிளில் வீட்டுக்கு ஓடுவாள். அன்று சனிக்கிழமை. ஞாயிறு கடை திறக்காது. அவளைத் திருத்துவதென்றால் அன்று பின்னேரத்துக்குள் திருத்த வேண்டும்.

திட்டுவதற்காகத்தான் பக்கத்தைத் திறந்தேன். சைக்கிளின் திணிவு M. லொறியின் திணிவும் M.

சைக்கிளுக்கு நான் சின்ன m தான் போட்டேன், கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு சின்ன எழுத்தைக் காணோம். u எல்லாம் U, v எல்லாம் V. பூரண மீள்தன்மை மோதலில் சைக்கிளின் வேகத்துக்கு ஒரு திணிவிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும்; M-இலிருந்து M-ஐக் கழித்தால் பூச்சியம், சைக்கிள் நின்றுவிட்டது. கௌரியின் விடையில் ஒரு பிழையும் இல்லை. என் வெள்ளவத்தை வகுப்பும் அதே விடையைத்தான் எழுதியிருந்தது. சைக்கிளும் லொறியும் எப்படி ஒரே பாரம் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

குடையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஷிப்லியின் கடைக்கு நடந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் நெட் கடை வைத்திருந்தவன் அவன். எனக்கு அந்தப் பக்கத்தைக் கட்டித் தந்தவனும் அவன்தான்.

"கெப்ஸ் லொக் விழுந்தீக்கும் டீச்சர்," என்றான் ஷிப்லி.

விழவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. திருப்புளியால் அந்தக் கட்டையை நெம்பிக் கழற்றி மேசையில் வைத்தான். M அப்படியே இருந்தது. கீபோர்ட்டையே மாற்றினான். பிறகு கம்பியூட்டரை மாற்றினான். எல்லாக் கம்பியூட்டரும் ஒரே குரலில் M என்றன. கடைசியில், சமன்பாட்டுக்கு முன்னும் பின்னும் நான் தட்ட வேண்டியிருந்த டொலர் அடையாளத்தின் மேல் பழியைப் போட்டான்.

"டொலர்ல போட்டா எல்லாம் பெருசாத்தான் தெரியும் டீச்சர்."

பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே சின்ன m, நான் தட்டியபடியே சமர்த்தாக இருந்தது. வெளியே வரும் வழியில்தான் யாரோ அதைப் பிடித்துப் பெரியதாக்கி அனுப்புகிறார்கள்.

ஷிப்லி தலையைச் சொறிந்தான். "அப்ப அது ஸ்டைல் ஃபைல். எழுத்து எல்லாம் எப்பிடித் தெரியணும் எண்டு அதுலதான் ஈக்கி. இங்கிலீஷ் எழுத்து வந்தா கப்பிட்டலாக் காட்டு எண்டு நாதான் எழுதி வெச்சேன். கதிர் ஐயா சொல்லித்தான்."

கதிர்காமநாதன் அண்ணைக்கு அந்த ஒழுங்கை முனையில் ஹார்ட்வெயார் கடை. ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவி என்று இந்தப் பக்கத்தை நடத்துபவர் அவர்; பக்கத்தின் தலையில் அவர் பெயரும் கடை விலாசமும் இருக்கும். முன்பு ஒருநாள் அவருடைய விசிட்டிங் கார்ட்டில் வளைத்து வளைத்து அச்சடித்த சிம்பிள் எழுத்தை, அதாவது இங்கிலீஷ் சின்ன எழுத்தை, சோதனைச் சாவடியில் வாசிக்க முடியாமல், அவரைப் பொழுதுபடும்வரை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று பிடித்தது இந்த வியாதி. கடைப் பலகை கப்பிட்டல், பில் கப்பிட்டல், மகளின் கலியாண அழைப்பிதழ் கப்பிட்டல், வீட்டு நாயின் கழுத்துப் பட்டியில் TIGER என்றிருந்ததை மட்டும் யாரோ சொல்லிக் கழற்றிவிட்டார். தமிழில் பெரியது சின்னது இல்லாதபடியால் வேறு எதற்கும் சேதமில்லை. என் சமன்பாடுகள்தான் அகப்பட்டுக்கொண்டன.

அவர் சொல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றான் ஷிப்லி. போன் பண்ணினோம். வருகிறேன் என்றார். அவருக்கு முன்னால் பொலிஸ் வந்துவிட்டது.

ஒழுங்கை முழுக்கச் சோதனை. உள்ளே வந்த அதிகாரி திரையை உற்றுப் பார்த்தார். "M கௌத?" என்றார். M யார் என்று கேட்கிறார்.

சைக்கிள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"மற்ற M?"

"லொறி, மாத்தயா."

அவர் முகம் மாறியது. லொறி எங்கே போகிறது, கொலன்னாவைப் பக்கமா என்று கேட்டார். அங்கேதானே எண்ணெய்த் தாங்கிகள்; குண்டு லொறி என்று நினைத்துவிட்டார். எங்கும் போகவில்லை, நிற்கிறது என்றேன். ட்ரைவர் எங்கே? ட்ரைவர் இல்லை. ட்ரைவர் இல்லாமல் லொறி நிற்கிறதா? எந்த ரோட்டில்? உராய்வில்லாத ரோட்டில் என்று உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு ரோட்டு கொழும்பில் எங்கே இருக்கிறதென்று அவர் கூட வந்தவரிடம் விசாரித்தார். ஷிப்லி சத்தமில்லாமல் ஓதத் தொடங்கினான்.

அந்த நேரம்தான் கதிர்காமநாதன் அண்ணை வந்து சேர்ந்தார். நேரே திரையின் தலைப்பைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி அவர் பெயரையும் கடை விலாசத்தையும் எழுத்தெழுத்தாக வாசித்தார். அடையாள அட்டையோடு ஒப்பிட்டார். "ஹரி, ஹரி," சரி, சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"பாத்தீங்களே ரீச்சர்? கப்பிட்டல் எண்டபடியாத்தான் தப்பினீங்கள். இதைச் சின்னனாக்கச் சொல்லுறீங்களோ?" என்றார் அண்ணை.

மணியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் கடைக் கதவை இழுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை, உங்கட கடையில ஆணிப் பெட்டியும் சீமெந்து மூட்டையும் ஒரே பாரமோ?"

"ஆர் சொன்னது அப்பிடி?"

"நீங்கள்தான். உங்கட பேருக்குக் கீழ போட்டிருக்கு, வாசியுங்கோ. லொறியும் சைக்கிளும் ஒரே பாரமாம். சைக்கிள் இடிச்சு லொறி ஓடுதாம்."

அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கீழே கௌரி போட்டிருந்த விடையையும் வாசித்தார். அவரிடமும் ஒரு லொறி இருந்தது.

"ஆரோ ஒருத்தன் சைக்கிளால இடிக்க என்ர லொறி ஓடுறதோ? சீமெந்தோடையோ? விசர்க் கதை!" ஷிப்லியின் பக்கம் திரும்பினார். "கணக்கை மட்டும் சின்னனாக்கு. என்ர பேரில கை வைக்காத."

ஷிப்லி ஒரே ஒரு வரி சேர்த்தான்: சமன்பாடுகளை மட்டும் தட்டினபடியே விடு. திரையில் சைக்கிளின் m சின்னதாக இறங்கி உட்கார்ந்தது. எனக்கு அதைக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

யாழ்ப்பாண லைன் சும்மா கிடைக்காது. திரும்பத் திரும்ப அடித்துக் கடைசியில் அந்த நெட் கடையில் கௌரியைப் பிடித்து, பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.

"ஓம் சித்தி, இப்ப ஒண்டு சின்னன், மற்றது பெரிசு."

"எருமை! சைக்கிளும் லொறியும் ஒரே பாரமோ எண்டு உனக்கு ஒரு சந்தேகம் வரேல்லையோ?"

"முதல் வந்ததுதான். பிறகு விடையைப் பாத்தன், சரிபோல இருந்துது."

"என்ன சரி?"

"இங்க ஒவ்வொரு நாளும் அதுதானே, சித்தி. சைக்கிள் நிக்கும். லொறி போகும்."

திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. ஷிப்லியும் அண்ணையும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதில நிக்காது, பிள்ளை. சைக்கிள் பாரம் குறைஞ்சது. மோதினா வந்த பக்கமே திரும்பிப் போகும். அப்ப குறி என்ன?"

"சய. மைனஸ்." குரலைத் தாழ்த்தினாள். "திரும்பிப் போக விடுவினமோ, சித்தி?"

"கணக்கில விடுவினம். எழுது."

எழுதினாள். கடைக்காரர் கதவை இழுக்கும் சத்தத்துக்கு நடுவே விடையை எனக்கு வாசித்தும் காட்டினாள். சரியாக இருந்தது.