பூட்டாமல் விட்ட கிரேன்

முதலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் நடுவில் ஒரு கோபுர கிரேன். அதற்கும் மேற்கே, இடித்துத் தள்ளிய பழைய கிடங்கு இருந்த வெட்டவெளி. கிரேனின் நீண்ட கை மேற்கே திரும்பினால் அந்த வெட்டவெளியின் மேல் நிற்கும். கிழக்கே திரும்பினால் எங்கள் வீட்டு மொட்டை மாடியின் மேல். தெருவின் வடக்கு மூலையில் தகரக் கூரை போட்ட தையல்காரர் வீடு இருக்கிறது. அதுவும் கைக்கு எட்டும்.

அந்தக் கிரேனை ஓட்டுவது என் அக்கா. நான் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் வானிலை பற்றிய வகுப்புக்குப் போகிறேன். எதைச் சொன்னாலும் கூடவே “என்று நினைக்கிறேன்” என்று சேர்த்துக்கொள்வதால் அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘சந்தேகம்’.

புயல் எச்சரிக்கை வந்ததும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அக்கா கொக்கியை மேலே ஏற்றி, மின்சாரத்தை அணைத்து, கை திரும்புவதற்கான பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்கி வந்தாள். தினமும் அப்படித்தான் செய்வாள். அது அவர்கள் தொழிலின் விதி. பிரேக் இல்லாவிட்டால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் போக்கிலேயே கை திரும்பி நின்றுகொள்ளும். பூட்டிவைத்தால் காற்று பக்கவாட்டில் மோதும்போது விலகிக்கொடுக்க வழியில்லாமல் கோபுரமே முறிந்துவிடலாம். சாதாரண நாட்களில் அது இரவில் மெல்ல நகர்வதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பார்த்துவிட்டார்கள்.

சற்று நேரத்தில் தையல்காரர் எங்கள் வாசலில் நின்றார். அவர் பின்னால் பாதித் தெரு நின்றது.

“என்னம்மா, உன் கிரேன் ஆளே இல்லாம சுத்துது?”

“சுத்தட்டும் மாமா. சுத்தினாத்தான் நல்லது.”

“நல்லதா? கட்டாத மாடு பயிரை மேயும். கட்டாத கிரேன் எங்க தலையை மேயட்டுமா?”

சிரித்தார்கள். ஆனால் அது பயந்தவர்களின் சிரிப்பு. அப்பாவும் அவர்கள் பக்கம்தான். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். உலகத்தில் உள்ள பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் சரியாக முடுக்காத நட்டு என்பது அவர் கொள்கை.

“பெரியவளே, ஆடுற எதுவும் நிக்காது. இறுக்கிப் பூட்டினாத்தான் நிக்கும்” என்றார்.

கட்டடத்தின் சூப்பர்வைசரும் வந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். “முறைப்படி விட்டுத்தான் வைக்கணும் சார். ஆனா தெருவே திரண்டு வந்தா நான் என்ன செய்யட்டும்? நீங்க எல்லாரும் ஒரே முடிவாச் சொன்னா பூட்டிடறோம்.”

“நான் ஏற மாட்டேன்” என்றாள் அக்கா. “பூட்டறதா இருந்தா வேற ஆளைப் பாருங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏய் சந்தேகம், நீ சொல்லேன். சாயங்காலம் சாயங்காலம் அங்க போய் என்னதான் படிக்கிறே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் புரிந்தால் மற்றவர்களுக்கும் புரியும் என்று எண்ணி, அவரிடமே கேட்டேன். “அப்பா, பைப்புல காஸ் எங்கேயிருந்து எங்கே ஓடும்?”

“அழுத்தம் கூடுன இடத்திலேயிருந்து குறைஞ்ச இடத்துக்கு. இதைக் கேக்கவா பணம் கட்டிப் படிக்கிறே?”

“காத்தும் அப்படித்தான்” என்று ஆரம்பித்தேன். சூடேறிய கடலுக்கு மேல் ஈரக்காற்று எழும்புகிறது. எழுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. சுற்றிலும் இருக்கிற காற்று அங்கே பாய்கிறது. பூமி சுழல்வதால் நேராகப் போய்ச் சேர முடியாமல் வளைந்து, மையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதுதான் புயல். இதற்கு நேர்மாறாக வேறோர் இடத்தில் காற்று மேலிருந்து கீழே அமிழ்கிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. காற்று வெளிப்பக்கமாக வழிந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. அங்கே மேகமே இருக்காது, பளிச்சென்ற வானம். பாடத்தில் அதற்கு எதிர்ச்சூறாவளி என்று பெயர். அப்படி ஒன்று இப்போது நமக்கு வடக்கே சுவர் மாதிரி நிற்கிறது. புயல் அந்தச் சுவரில் ஏற முடியாது, அதன் தெற்கு ஓரமாக உரசிக்கொண்டு மேற்கே போகும். நமக்குத் தெற்கே கரையைக் கடக்கும்.

“அப்படிக் கடந்தா, இப்ப வடக்கேயிருந்து அடிக்கிற காத்து கிழக்குப் பக்கம் மாறும். கிரேன் கை மேற்கே திரும்பி வெட்டவெளிக்கு மேல போயிடும். நம்ம தெருப் பக்கமே வராது.”

“அநேகமாவா, நிச்சயமாவா?” என்றார் அப்பா.

வகுப்பில் பார்த்த வரைபடம் கண்ணுக்குள் நின்றது. சம அழுத்தக் கோடுகளை நானே பென்சிலால் வரைந்திருந்தேன்.

“நிச்சயமா” என்றேன்.

தையல்காரர் தலையைச் சொறிந்தார். “படிச்ச பிள்ளை சொல்லுது” என்றார் பின்னால் இருந்தவர்களிடம். கூட்டம் கலைந்தது. கிரேன் பூட்டப்படாமல் நின்றது.

மறுநாள் காலையில் காற்று வடக்கிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. கிரேனின் கை தெற்கே நீண்டு அசையாமல் நின்றது. அம்மாவை மருத்துவமனையிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள், அவர் அங்கே சலவைப் பிரிவில் இருக்கிறார். தகரக் கூரையை நம்ப முடியாமல் தையல்காரரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்கா எல்லோருக்கும் தேநீர் போட்டாள். தையல்காரர் அப்பாவின் பழைய சட்டையைப் பார்த்து, “இந்தக் காலரைத் தைச்சவனைப் புயல் கொண்டுபோனாத் தப்பே இல்ல” என்றார்.

நான் சன்னலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினால், அந்தக் கை காட்டும் பக்கத்தில் புயலின் மையம் இருக்கும். பூமியின் மறுபாதியில் வலக்கை. எங்கள் பாதியில் இடக்கை. காலையில் என் இடக்கை கிழக்கே, கடலைக் காட்டியது. அது சரிதான்.

மதியத்துக்குள் மழை கிழக்குச் சன்னலில் அடிக்கத் தொடங்க வேண்டும். அதற்காகச் சன்னலின் கீழ் துணியெல்லாம் விரித்துவைத்திருந்தேன். துணி காய்ந்தே கிடந்தது. எதிர்ப்பக்கம், மேற்கு வாசற்கதவின் அடியில் தண்ணீர் வந்தது. காற்று சுவரில் மோதித் திரும்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கிரேனைப் பார்த்தேன். தெற்கே நின்ற கை தென்கிழக்கே வந்திருந்தது. மனதுக்குள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டிப் பார்த்தேன். வடகிழக்கு. மறுபடி பார்த்தேன். வடகிழக்குதான்.

வடக்கே நின்ற அந்த உயர் அழுத்தச் சுவர் நகர்ந்துவிட்டது. காற்றால் ஆன சுவர்தானே. அது விலகிய இடத்தில் புயல் வடக்கே ஏறிவிட்டது.

சமையலறைக்குப் போய் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “கை இங்க வருமா?”

“வரும்.”

“வந்தா வரட்டும். கிரேனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீ போய்ச் சொல்லிடு. அவங்களாப் பார்த்தா வேற மாதிரி ஆயிடும்.”

நான் கூடத்துக்கு வருவதற்குள் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

“கை இங்கதானே வருது!” தையல்காரர் சன்னலை விட்டுப் பின்னால் நகர்ந்தார். “வெட்டவெளிக்குப் போகும்னியே! நிச்சயம்னியே!”

அப்பா எழுந்தார். கருவிப் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார். மழைக்கோட்டை மாட்டினார்.

“எங்கப்பா போறீங்க?” என்றாள் அக்கா.

“பிரேக்கை மேல போய்த்தானே பூட்டணும்? நீ ஏற வேண்டாம். நான் ஏறறேன்.”

“இந்தக் காத்துல பாதி ஏணி கூடத் தாண்ட முடியாது. அப்பா, நான் சொல்றதைக் கேளுங்க. தினமும் ஏறி இறங்கறவ நானு.”

“இவ்வளவு பேர் கீழே இருக்கோம். சும்மா உக்காந்து பார்க்கச் சொல்றியா?”

நான் கதவை மறித்து நின்றேன். அப்படி நான் அவரை மறித்தது அதுதான் முதல் முறை. அவர் முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

“தள்ளு சின்னவளே. நேத்து நிச்சயம்னே. இன்னிக்கு என்ன சொல்லப்போறே?”

“நேத்துச் சொன்னதுல ஒண்ணு தப்பு” என்றேன். “புயல் எந்தப் பக்கம் போகும்னு சொன்னேன்ல, அது ஊகம். வடக்கே இருந்த உயர் அழுத்தம் அப்படியே நிக்கும்னு நம்பிட்டேன். நிக்கல. ஆனா கிரேன் காத்தோட திரும்பும்னு சொன்னது ஊகம் இல்ல. கண்ணு முன்னால திரும்புது. நேத்து அதைப் பூட்டியிருந்தா இப்ப எந்தப் பக்கம் பார்த்து நின்னிருக்கும்?”

“தெக்கே.”

“இப்பக் காத்து எங்கேயிருந்து வருது?”

அவர் கதவின் அடியில் வரும் தண்ணீரைப் பார்த்தார். “மேக்கேயிருந்து.”

“அப்ப அதோட விலாவுல அடிச்சிருக்கும். முறிஞ்சு விழுந்தா எந்தப் பக்கம் விழும்?”

அப்பா சன்னல் வழியே கிரேனைப் பார்த்தார். பிறகு, “நம்ம பக்கம்” என்றார்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிரேனின் கை எங்கள் தலைக்கு மேல் வந்தது. பார்க்க முடியவில்லை, கேட்க முடிந்தது. இரும்புச் சட்டங்களின் இடைவெளியில் காற்று நுழைந்து, அடிவயிற்றிலிருந்து யாரோ முனகுவது போல் ஒலித்தது. ஒவ்வொரு வீச்சிலும் முனகல் சற்று இடம் மாறும். நான்கு ஜோடிக் கண்களும் கூரையைப் பார்த்தன. நான் மட்டும் அக்காவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த ஓசையை அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பெரிய வீச்சு ஒன்று வந்து, முனகல் உச்சத்துக்குப் போய் இறங்கியது. “நல்லாத் திரும்புது” என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு அது தோன்றியது. காற்று காலையில் இருந்ததைவிட அதிகமாகவில்லை.

“பயப்படாதீங்க” என்றேன். “கை நம்ம மேல வந்ததே நல்ல சேதிதான். புயல் மேற்கே போகுது. அது போற வேகமும் சுத்துற வேகமும் ஒண்ணு சேர்ற பக்கம் அதோட வடக்குப் பக்கம். நாம தெக்குப் பக்கம் இருக்கோம். இங்க ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். கை வெட்டவெளிக்குப் போயிருந்தாத்தான் நாம பலமான பக்கத்துல மாட்டியிருப்போம்.”

அப்பா மூச்சை விட்டார். ஸ்பேனர் தரையில் இறங்கியது. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பாதி ஆயுசு போச்சு.”

அக்கா சிரித்தாள். தையல்காரர் சிரிக்கவில்லை. “வடக்கேன்னா எவ்வளவு வடக்கே?” என்றார்.

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர்களுடைய மகளைக் கடற்கரையோரமாகவே வடக்கே உள்ள ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நேற்றெல்லாம் அவர்கள் அந்த ஊரைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்ததற்கு நான் சொன்ன பாடம்தான் காரணம். புயல் தெற்கே போகும் என்று நான் நிச்சயமாகச் சொல்லியிருந்தேன்.

“தெரியல மாமா. மையம் எந்த ஊர் வழியாப் போகுதுன்னு இங்கேயிருந்து சொல்ல முடியாது.”

“எந்தப் பக்கம்னு சொல்லலாமில்ல? என் பொண்ணு இருக்கறது நல்ல பக்கமா, கெட்ட பக்கமா? மழுப்பாம சொல்லு.”

“மையத்துக்கு வடக்கே இருந்தா பலமான பக்கம்.”

அவர் மனைவி போனை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார்.

“எப்ப விடும்?” என்றார் தையல்காரர்.

“நிலத்துக்குள்ள போனதும் பலம் குறைஞ்சிடும். கடல் சூடுதான் அதுக்குச் சாப்பாடு. நிலத்துல அது கிடைக்காது. அது உள்ளே போகப் போக இங்க காத்து தென்மேற்கேயிருந்து அடிக்கும். கை வடகிழக்கே திரும்பும்.”

“வடகிழக்கேன்னா, என் வீட்டுக்கு மேல.”

“ஆமா மாமா.”

அவர் எழுந்து வடக்குச் சன்னலுக்குப் போனார். ஒரு பாதிக் கதவைத் திறந்து கழுத்தை வெளியே நீட்டினார். மழை அவர் முகத்தில் அடித்தது. “உள்ளே வாங்களேன்” என்றார் மனைவி. அவர் வரவில்லை. அண்ணாந்து கிரேனின் கையைப் பார்த்தபடியே நின்றார். அது சற்று நகரும், பிறகு பின்வாங்கும். அது பின்வாங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் சன்னல் கம்பியை இறுக்கினார்.

“வா” என்றார் மெதுவாக. “வா, வா. இங்க வா.”

வெளிச்சம் போவதற்கு முன்பே தலைக்கு மேல் இருந்த முனகல் விலகியது. கை எங்கள் மாடியின் விளிம்பைத் தாண்டி, தெரு மூலைக்குப் போய், தகரக் கூரையின் மேல் நின்றது. அதன் பிறகு பின்வாங்கவில்லை.

தையல்காரர் நனைந்த முகத்தோடு திரும்பினார். “இப்பப் போடு” என்றார் மனைவியிடம்.

அவர் போட்டார். மணி அடிக்கவில்லை. அப்பா தன் போனைத் தேடி எடுத்து, “நம்பரைச் சொல்லுங்கம்மா” என்றார். அவர் சொன்னார். அக்காவும் தன் போனை எடுத்தாள். நானும் எடுத்தேன். காற்று தளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம்.