சந்தைக்கு ஒரு சொல்

சுவிற்சர்லாந்தின் கூர் நகரில் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் யாதவி சிந்துஜனோடுதான் கதைத்தாள். ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த அவன், ஒரு காலத்தில் வீட்டார் அவளுக்குக் கலியாணம் பேசிய மச்சான். கணவன் மிதுன் பின்னால் நடந்தான்.

“நோர்வேயில சந்தையை ‘தோர்க்’ எண்டுவம், மச்சாள்,” என்றான் சிந்துஜன்.

“என்னோட வேலை செய்யிற போலந்துப் பிள்ளை ‘தார்க்’ எண்டுறவள். எப்பிடி ஒரே மாதிரி?” என்று கேட்டாள் யாதவி.

சிந்துஜனுக்குத் தெரியவில்லை. மிதுன் அவசரமாகக் கைபேசியில் தேடினான்.

“அது ஸ்லாவியச் சொல். வியாபாரிகளோட வடக்கே போனது. நோர்வேக்காரர் இரவல் வாங்கினவை,” என்றான் வெற்றியோடு.

“ஆயிரம் வருசமா வச்சிருக்கிறம், இனி எங்கடதானே அண்ணை,” என்றான் சிந்துஜன்.

யாதவி அதற்கும் சிரித்தாள். மிதுன் இருவருக்கும் நடுவில் புகுந்து நடக்கத் தொடங்கினான்.