செங்காவின் வலது தோள்

ஐலீன் கார்ஸ்டேர்ஸின் குரலைக் கேட்டாலே செங்கா டஃபஸுக்கு அருவருப்பாக இருக்கும். அந்தக் குரலில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டுப் போகலாம். இரக்கமல்லவா வழிகிறது. சீ, அந்த இரக்கத்தை யார் கேட்டார்கள்?

செங்காவின் வலது கை இடது கையைவிடக் குட்டை. சின்ன வயதில் துறைமுகப் படியில் வழுக்கி விழுந்து முழங்கை உடைந்தது. கட்டுப் போட்டவன் கோணலாகப் போட்டுத் தொலைத்துவிட்டான். கத்தரிக்கோல் பிடிப்பதற்கு அது ஒரு தடையே இல்லை. இன்வர்டோரன் என்ற அந்தக் கடலோர ஊரில் பாதிப் பெண்களின் தலைமுடி அவள் கடையில்தான் சுருள்கிறது. கோல்ஃபிலும் பந்தைத் தூர அடிப்பதில் அவளுக்குக் குறைவில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்து, பந்தை மெல்ல உருட்டி உள்ளே தள்ளுகிற இடத்தில்தான் வினை. இடது கை மேலே, வலது கை கீழே என்றுதான் ஊர் உலகம் மட்டையைப் பிடிக்கிறது. கீழே எட்ட வேண்டியது செங்காவின் குட்டைக் கை. அது எட்டுவதற்காகத் தோள் தொங்கும், உடம்பு சாயும், பந்து குழியின் இடது ஓரத்தை உரசிக்கொண்டு தன் பாட்டுக்குப் போகும்.

"தோளைத் தூக்கு செங்கா. ரெண்டும் சமமா இருக்கணும்," என்பாள் ஐலீன்.

ஐலீன் பாங்கு மேனேஜரின் மனைவி, கோல்ஃப் கிளப்பில் பெண்களுக்குத் தலைவி. எடின்பரோவில் காசு கொடுத்து ஆட்டம் கற்றவள். ஆடுகிற இடத்தில்தான் இந்த உபதேசம் என்றில்லை. தேநீர் மேசையில் சொல்வாள். செங்காவின் கடையிலேயே, தலை நிறைய சுருள் உருளைகளோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டும் சொல்வாள். செங்கா தோளைத் தூக்கினால் கை எட்டாது. கையை எட்டவிட்டால் தோள் தொங்கும். இல்லாத நீளத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது? இப்படியே கிளப்பின் வருடாந்தரப் போட்டியில் இரண்டு முறை இறுதி ஆட்டத்தில் ஐலீனிடமே தோற்றாள். இரண்டு முறையும் ஐலீன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "அடுத்த வருஷம் தோள் சரியாயிடும்டி," என்றாள். அன்றெல்லாம் வீட்டுக்குப் போய் முதுகைத் தேய்த்துக் குளித்தால்தான் செங்காவுக்குச் சோறு இறங்கும்.

கடைசியில் வழி காட்டியது விளக்குமாறு. கடை மூடும் நேரத்தில் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று தன் கைகளைப் பார்த்தாள். வலது கை மேலே, இடது கை கீழே. இரண்டு தோளும் நோகாமல் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. விளக்குமாறு நேராகப் போய் நேராக வந்தது. அன்று ராத்திரியே மட்டையை அப்படிப் பிடித்து, கம்பளத்தின் மேல் படுக்கவைத்த கோப்பைக்குள் பந்தை உருட்டினாள். குளிர்காலம் முழுக்க உருட்டினாள். புருஷன் டாட் கால் நீட்டி உட்கார இடமில்லாமல் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தான்.

கிளப்பில் ஆண்கள் சிரித்தார்கள். "விளக்குமாத்துக்காரி வர்றா, ஓரமா நில்லுங்கப்பா," என்றார்கள். அது எழுபத்து மூன்றாம் வருஷம். மட்டையை அப்படித் தலைகீழாகப் பிடிப்பவர்களை அந்தக் கடலோரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஐலீன் முகத்தைச் சுளித்தாள். "பார்க்கவே கண்ணு கூசுது. நான் கத்துக்கொடுத்தவன்னு வெளியில சொல்லிக்க முடியுமா?" என்றாள். கற்றுக்கொடுத்தாளாம்.

ஜூலையில் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் ஐலீன். ஜெயித்தவள் பெயரை கிளப் கூடத்து மரப்பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். கார்ஸ்டேர்ஸ், கார்ஸ்டேர்ஸ் என்று அந்தப் பலகை முழுக்க அவள் பெயர்தான்.

"என் பேரு அதுல ஏறணும். இந்தப் பிடியால ஏறணும். அப்பத்தான் அந்த வாய் மூடும்," என்று டாட்டிடம் சொல்லிவிட்டுத்தான் செங்கா வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். டாட் பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். நடுவர் மிஸ் பெட்ரி, பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். விதிப் புத்தகம் அவளுக்கு வேதம். கடல்காற்றில் தொப்பி பறந்துவிடாமல் பிடித்தபடி புல்தரையின் அந்தக் கோடியில் நின்றாள். சுற்றிலும் பாதி ஊர்.

குழிக்குத் தள்ளி இருந்தது ஐலீனின் பந்து, அதனால் அவள்தான் முதலில் ஆட வேண்டும். செங்கா ஓரமாக நின்று வெறும் மட்டையை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐலீன் குனிந்தாள், நிமிர்ந்து செங்காவின் தோளைப் பார்த்தாள், உச்சுக் கொட்டினாள், மறுபடி குனிந்து உருட்டினாள். பந்து குழி விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. மிச்சமிருந்த அரையடியை, ஆடாமலே உள்ளே போனதாக வைத்துக்கொள்ளலாம் என்று செங்காவே விட்டுக்கொடுத்தாள். இனி செங்காவின் பந்து உள்ளே போனால் வெற்றிக்கோப்பை அவளுக்கு. நாலடி தூரம்.

வலது கை மேலே, இடது கை கீழே. தோள் இரண்டும் அமைதியாக இருந்தன. தன் பந்தைப் பொறுக்க வந்த ஐலீன் பக்கத்தில் குனிந்து, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிறவள் மாதிரிக் கிசுகிசுத்தாள்.

"செங்கா கண்ணு, வலது தோள். தொங்குது பார். தூக்கு."

தொங்காத தோளைத் தூக்கச் சொல்கிறாள்.

டாட் பையைப் போட்டுவிட்டு வந்தான். போட்டியின் நடுவே எதிராளிக்கு எப்படி அடிப்பது என்று வாய் திறந்தால் அந்தக் குழி போச்சு. அந்த ஊரில் பால் பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும்.

"காதுல விழுந்துச்சுல்ல? பெட்ரியம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லு. குழி உனக்குத்தான். பந்தைத் தொடவே வேண்டாம்."

"வேண்டாம்."

"கிறுக்கா உனக்கு? உள்ள போகலைன்னா?"

"போகலைன்னா இன்னொரு குழி ஆடிட்டுப் போறேன். அவ வாயிலேர்ந்து விழுந்ததைப் பொறுக்கித் தின்னுதான் நான் ஜெயிக்கணுமா? வாந்தி வருது டாட். தள்ளி நில்லு."

டாட் தள்ளி நின்றான். செங்கா உருட்டினாள். பந்து கொஞ்சமும் தயங்காமல் போய்க் குழியின் நடுவில் விழுந்தது. ஜனம் கை தட்டியது. செங்கா மூச்சு விட்டாள். ஆயிற்று, இனி யாரும் என் கையைப் பற்றிப் பேச முடியாது என்று நினைத்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பக்கத்திலிருந்தவளையும் சேர்த்துக் கெடுத்தது.

"பார்த்தீங்களா எல்லாரும்?" ஐலீன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். "கடைசி நிமிஷத்துல 'தோளைத் தூக்கு'ன்னு அவ காதுல போட்டேன். உடனே தூக்கினா, பந்து உள்ள போயிடுச்சு. பத்து வருஷமா நான் பட்ட பாடு."

மிஸ் பெட்ரி புல்தரையைக் கடந்து வந்தாள். "மிசஸ் கார்ஸ்டேர்ஸ், இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

ஐலீன் பெருமையாகத் திரும்பச் சொன்னாள்.

"அப்படின்னா குழி அங்கேயே முடிஞ்சுபோச்சு. ஆலோசனை சொன்ன குத்தத்துக்காகக் குழியும் ஆட்டமும் மிசஸ் டஃபஸுக்கு. அதுக்கப்புறம் உருட்டின பந்து கணக்குல வராது."

"கணக்குல வராதா?" என்றாள் செங்கா. "உள்ள கிடக்கே, கண்ணு தெரியலையா?"

"நல்லாவே தெரியுதும்மா. ஆனா அது ஆட்டத்துல இல்லை."

டாட் சிரித்தான். "எப்படிப் பார்த்தாலும் ஜெயிச்சது நீதானே, விடு," என்றான். கட்டின புருஷன் மேலேயே செங்காவுக்கு அருவருப்பாக இருந்தது. பலகையில் தன் பெயர் ஏறும். அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம், ஐலீன் வாய்தவறிப் பேசியதால் கிடைத்தது என்பார்கள். அந்த நாலடி உருட்டலை ஒருவரும் நினைக்க மாட்டார்கள்.

ஐலீன் மட்டும் அசரவில்லை. "அன்பாச் சொன்னது ஒரு குத்தமா? போகட்டும். செங்கா என் பிள்ளை மாதிரி, அவ ஜெயிச்சதே எனக்குப் போதும்," என்று செங்காவின் தோளில் கையைப் போட்டாள், வலது தோளில்.

சேற்றில் விழுந்த துணியை எடுப்பதுபோல செங்கா அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டாள்.

"பத்து வருஷமா என் தோளையே பார்த்தீங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னைக்கு ஒரே ஒரு தடவை உங்க பந்தைப் பார்த்திருந்தா, நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

ஐலீனின் கண் அப்போதும் செங்காவின் வலது தோள் மேல்தான் இருந்தது.